ஸ்டான்வெல் பார்க்ல ஒரு வாரம் ஹேங் கிளைடிங் போறவங்களுக்கு

சிட்னிக்கு தெக்க ஒரு மணி நேர டிரைவ்ல ஸ்டான்வெல் பார்க், அங்க பால்ட் ஹில்னு கடலைப் பாத்த குன்று. ஹேங் கிளைடிங், அதாவது எஞ்சின் இல்லாத முக்கோண இறக்கைக்குக் கீழ தொங்கிட்டே பறக்குறது, அங்க இருந்து தான். 1894ல பறக்குற ஆராய்ச்சி பண்ண லாரன்ஸ் ஹார்கிரேவ் நாலு பெட்டிப் பட்டத்தைக் கட்டி 16 அடி மேல போனது இந்த ஊர் பீச்ல தான்.

கிளப்போட போறீங்கன்னா ஏழு நாளும் பறக்கலாம்னு நெனைக்காதீங்க, மூணு நாள் கெடச்சாலே லாபம். தென்கிழக்குக் கடல்காத்து குன்றுல மோதி மேல ஏறணும், அது தான் நம்மள தூக்கும், மேற்குக் காத்து அடிச்சா கிளைடர் பைய பிரிக்கவே வேணாம், குன்றைத் தாண்டி வர்ற காத்து சுழிச்சு கீழ அமுக்கிடும், டீ குடிச்சுட்டு கிளம்புங்க.

கிளைடர் 30 கிலோ பக்கம் வரும், ஒத்தையா தூக்கி முதுக புடிச்சுக்காதீங்க. அதைப் பிரிச்சு மாட்ட அரை மணி நேரம் ஆகும், அப்போ யாராச்சும் கதை பேச வந்தா அப்புறம் வாங்கன்னு சொல்லிடுங்க.

ஹேங் செக், அதாவது பறக்குறதுக்கு முன்னாடி தொங்கிப் பாக்குற சோதனை, அதை மட்டும் விடவே கூடாது. ஒருத்தர் கிளைடரோட மூக்கைப் புடிச்சுக்கணும், நீங்க ஹார்னஸோட (உடம்புல மாட்டுற பட்டை) அப்படியே படுத்துத் தொங்கணும், கிளைடரோட இணைக்குற காராபினர் கொக்கி பூட்டிருக்கா, காலு பட்டை ரெண்டும் மாட்டிருக்கா, கையில புடிக்கிற பாருக்கும் நெஞ்சுக்கும் எவ்ளோ இடைவெளின்னு பாக்கணும். கொக்கி மாட்டாம ஓடிக் குதிச்சவங்க உண்டுங்க, புதுசா வந்தவங்க இல்ல, அனுபவசாலிங்களே.

இறங்குறப்ப பாரை சீக்கிரமே தள்ளிடாதீங்க, கிளைடர் மேல எகிறி மூக்கு குத்தும். எனக்கு ரெண்டாவது நாளே வாய் பூரா மண்ணு.