திருகோணமலைக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு: பத்திரமாகச் சுற்றிவர ஒரு செய்முறை

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொன்னால், "அங்க பயமில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்துவிட்டது. இப்போது இங்கே வருகிறவர் முதலில் கவனிக்கவேண்டியது கள்வனை அல்ல, கடலை.

படி 1: மாதத்தைப் பாருங்கள்
மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடல் பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பினால் அதே கரையில் அலை ஆளைப் புரட்டும். தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் டிசம்பரில்தான் நல்ல காலம். அங்கே குளித்துவிட்டு அதே நம்பிக்கையில் இங்கே இறங்காதீர்கள்.

படி 2: இறங்குமுன் கேளுங்கள்
கரையில் வலை இழுக்கும் ஆட்களிடம், "அண்ணே, இண்டைக்கு இதில குளிக்கலாமோ?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் இழுவை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தனியாக, இருட்டில், குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.

படி 3: புறாமலைத் தீவுக்குப் படகேறும்போது
உயிர்காப்பு அங்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று படகில் ஏறுமுன்பே போட்டுப் பாருங்கள். 'கிட்டத்தானே' என்று படகுக்காரர் சிரித்தாலும் சரி. தண்ணீருக்குள் முகத்தை வைத்து மீன் பார்க்கிறபோது முதுகு வெயிலில் வேகும், பின்னேரம்தான் எரியும். கைநீளச் சட்டையோடு இறங்குங்கள். பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள். அது காலையும் கிழிக்கும், பாறையும் செத்துப்போகும். அங்கே தெரியும் சின்னச் சுறாக்களுக்குப் பயப்படத் தேவையில்லை, துரத்தாமல் விட்டால் போதும்.

படி 4: கோட்டையும் கோணேசரும்
கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால். உள்ளே இராணுவம் இருக்கிறது, அவர்களின் கட்டடங்களைப் படமெடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் ட்ரோனும் விடக்கூடாது. கடற்படைத் தளமுள்ள ஊர் இது. குரங்குகள் பூசைத் தட்டையும் பையையும் பறிக்கும். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் செல்ஃபிக்காக வேலியைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கீழே நேரே கடல்.

படி 5: ஓட்டோ, பணம்
தங்குமிடத்தில் நியாயமான கூலியைக் கேட்டுவைத்து, ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

படி 6: இரவு வீதி
திருகோணமலைக்கு வரும் வழியில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைகள் வீதிக்கு வரும். மோட்டார் சைக்கிளில் அந்த வழியைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், சாப்பாடு நீட்டாதீர்கள்.

படி 7: நாய் கடித்தால்
கடற்கரையில் தெருநாய்கள் உண்டு. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே விசர்நாய்க்கடி ஊசிக்கு வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள்.

படி 8: இந்த எண்களைக் கைப்பேசியில் போடுங்கள்
பொலிஸ் 119. சுற்றுலாத்துறை உதவி எண் 1912. இலவச அம்புலன்ஸ் 1990. அழைக்கும்போது பக்கத்துக் கோயில், பள்ளிவாசல் அல்லது ஹோட்டலின் பெயரைச் சொன்னால் உங்களைத் தேடிப்பிடிப்பது சுலபம்.