உப்புக் கழிவுநீர்: நுண்ணங்கிகளைப் பழக்கி எடுக்கும் முறை

முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் கருவாடு போடுகிறவர்களும் றால், நண்டு பதப்படுத்துகிறவர்களும் கேட்கும் முதல் கேள்வி, "கழிவுநீரை நுண்ணங்கிகளால் சுத்திகரிக்கும் தொட்டி கட்டினால் உப்புப் போய்விடுமா?" போகாது. நுண்ணங்கிகள் இரத்தத்தையும் கொழுப்பையும் புரதத்தையும்தான் தின்னும், உப்பு அப்படியே மிஞ்சும். நாற்றம் நின்றுவிட்டது என்று அந்தத் தண்ணீரை வயலுக்கோ குளத்துக்கோ கிணற்றடிக்கோ திருப்பிவிடாதீர்கள். மணல் தரையில் உப்புக் கிணற்றில் இறங்கினால் குடிதண்ணீரே போச்சு.

சரி, வேலைக்கு வருவோம். செதில், குடலை வலையில் மறித்து, கொழுப்பை மேலால் வழித்த பிறகு, எல்லாத் தண்ணீரையும் முதலில் ஒரு தொட்டியில் சேர்த்துக் கலக்குங்கள். மீன் ஊறிய உப்புநீர் ஒரு நாளும் தரை கழுவிய நல்லதண்ணீர் மறுநாளுமாகச் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் போனால் நுண்ணங்கிகள் செத்துவிடும். அவற்றைக் கொல்வது பெரும்பாலும் உப்பின் அளவை விட அதன் திடீர் ஏற்ற இறக்கம்தான்: உப்புச் சட்டென்று கூடினால் உடலிலுள்ள தண்ணீர் வெளியே இழுபட்டுச் சுருங்கும், சட்டென்று குறைந்தால் ஊதி வெடிக்கும்.

சாதாரண சேறு (தொட்டியில் நுண்ணங்கிகள் திரண்டிருக்கும் கலங்கல்) லீற்றருக்கு 10 கிராம் உப்பைத் தாண்டினாலே தடுமாறும் (கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம்). அதனால் ஏற்கெனவே ஓடுகிற ஒரு சுத்திகரிப்புத் தொட்டியின் சேற்றோடு களப்புச் சேற்றையும் கொஞ்சம் சேர்த்துத் தொடங்கி, லீற்றருக்கு 2, 3 கிராமாக உப்பைக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் வெளிவரும் தண்ணீர் பழையபடி தெளியும்வரை, ஒரு கிழமையோ இரண்டோ, பொறுத்திருக்கத்தான் வேண்டும். அமோனியாவை மாற்றும் நுண்ணங்கிகள் இன்னும் மெதுவாகத்தான் பழகும்.

நுண்ணங்கிகளுக்காகத் தொட்டிக்குள் ஊதும் காற்றில் கஞ்சத்தனம் வேண்டாம், உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 30 பாகையில் நல்லதண்ணீர் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் கடல்நீர் 6 சொச்சம்தான். இரும்புக் குழாய் கறள் பிடிக்கும், பிளாஸ்டிக்கே போடுங்கள்.

பலரும் மறக்கிற விசயம் மாரி. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழை திறந்த தொட்டியில் விழுந்தால், மாதக்கணக்காகப் பழக்கிய சேறு ஒரே இரவில் குழம்பிக் கரைந்து வெளியே ஓடும். கூரை போடுங்கள், முற்றத்து வெள்ளத்துக்கு வேறு வாய்க்கால் வெட்டுங்கள், தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரை நாளும் காலையில் பாருங்கள்.

ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொடுக்கும்போது உப்புத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உப்பிலுள்ள குளோரைட்டு, தண்ணீரின் அழுக்கை அளக்கும் இரசாயன ஒட்சிசன் தேவையைக் (COD) கூட்டிக் காட்டிவிடும். கடலுக்கு விடுவதென்றாலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.