இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குப் பாதப் பராமரிப்பு சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“காலைப் பார்த்துக்குங்கப்பா” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. அப்பா தலையாட்டுவார். ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் 70 வயதுக்காரரால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியுமா? கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கக் காட்டிக்கொடுங்கள். அது வராது என்றால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதற்கு மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம். முதல் சில நாள் நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

“வலிச்சா சொல்லுங்க” என்பது அதைவிட ஆபத்தான அறிவுரை. பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் நரம்புகள் கெடும். கால்விரல் வரை ஓடும் நீளமான நரம்புகள்தான் பெரும்பாலும் முதலில் கெடும். ஆணி குத்தினாலும் சிலருக்குத் தெரியாது. வலி இல்லாததால் புண்ணோடு நடந்துகொண்டே இருப்பார்கள். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் சீக்கிரம் ஆறாது.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம், ஒரே விரலை இரண்டாம் முறை தொடவும் வேண்டாம். தொடுவது தெரிந்தால் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தெரிந்தாலும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

“காலை எடுத்துடுவாங்க” என்று பயமுறுத்துவதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். பயந்தவர் புண்ணை மறைப்பார். மறைத்த புண்தான் காலை எடுக்கும் அளவுக்குப் போகிறது. கொப்புளத்தைக் காட்டினால் திட்டாமல், “நல்லவேளை, இப்பவே காட்டினீங்க” என்று சொல்லுங்கள்.

அப்புறம், அவருடைய வாழ்க்கைக்கு ஒத்துவராத விதிகள். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்கிறோம், சரி. கோயிலுக்குப் போனால்? வெயில் ஏறிய பிரகாரத் தரையில் பாதம் வெந்துபோவது சிலருக்குத் தெரியவே தெரியாது. காலையிலோ சாயங்காலமோ போகச் சொல்லுங்கள். வாசலில் கால் கழுவினால் விரல் இடுக்கைத் துடைக்க ஒரு சின்னத் துண்டு, வீடு திரும்பியதும் பாதச் சோதனை. இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடக்கவோ, தீமிதித் திருவிழாவில் தீமிதிக்கவோ நேர்ந்துகொண்டவரைக் கேலி செய்யாதீர்கள். முன்கூட்டியே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு அது உண்மையிலேயே ஆபத்து, அதை மருத்துவர் வாயால் கேட்பது நல்லது.

பெண்களிடம் மெட்டியைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம். கால் வீங்கினால் மெட்டி இறுகும். அடியில் ஈரம் தங்கித் தோல் வெளுத்து ஊறிப்போகும். தினமும் மெட்டியை நகர்த்திப் பார்க்க வேண்டும், வீக்கம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கைவைத்தியத்தைப் பொதுவாகக் கண்டித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எது எதைச் செய்யக்கூடாது என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள்: புண்ணில் மஞ்சள், காப்பித்தூள், கால் ஆணிக்குக் கடையில் விற்கும் மருந்துப் பட்டை, பிளேடால் தோலைச் சீவுவது, வெந்நீரில் கால் வைப்பது. வெடிப்புக்குப் பூசும் கிரீமை விரல் இடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரங்களைத் தோண்டக் கூடாது.

காலணியைச் சாயங்காலம் வாங்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது தினசரிப் பழக்கமாக வேண்டும்.

எப்போது ஓட வேண்டும் என்பதைக் குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டிவையுங்கள். சின்னக் காயமென்றால் கழுவிச் சுத்தமான கட்டுப் போட்டு, ஓரிரு நாளில் தேறவில்லை என்றால் மருந்தகம். சிவந்து பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவமனை. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே காட்ட வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றி நடக்கவிடாதீர்கள்.