கண்டியில் வீடு பார்க்கிறீர்களா? படியை எண்ணுங்கள்

"டவுனுக்கு நடந்தே பத்து நிமிஷம்" என்று புரோக்கர் சொன்னால் அது பொய்யில்லை, இறங்குவதற்குப் பத்து நிமிஷம்தான். ஏறுவதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் வீடு எடுத்தால் ஒரே மாதத்தில் ஆட்டோவுக்குக் காசு கொட்ட வேண்டிவரும், நானும் கொட்டியிருக்கிறேன்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு தேங்காயும் வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்து ஏறிப் பாருங்கள். ரோட்டிலிருந்து வாசல்வரை படிகளையும் எண்ணுங்கள். பேராதனை வீதியிலிருந்து பிரியும் ஒரு லேனில் இருக்கிறது என் வீடு, 62 படி. கேஸ் கொண்டுவரும் தம்பி 12.5 கிலோ சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முப்பதாவது படியில் நின்று மேலே என்னை ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வைக்காகவே தனியாக 200 ரூபா கொடுக்கிறேன். பிடித்து இறங்கக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி, வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கம்பி இல்லாமல் சரிவராது.

அமைதியா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லா லேனும் அமைதிதான். பள்ளிக்கூட நாளில் காலை ஏழு மணிக்கும், பிள்ளைகள் விடும் பகல் ஒன்றரைக்கும் போய் நில்லுங்கள். ரோட்டுக்கு நேர் மேலே இருக்கும் வீடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பஸ் ஹோர்ன் ஜன்னலுக்குள் வந்துவிடும், மலை ஒரு மடிப்புத் திரும்பிய இடத்தில் அவ்வளவு கேட்காது. ஜன்னலிலிருந்து பஸ் தெரிந்தால் சத்தமும் உண்டு, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம், தலதா மாளிகைக்குக் கிட்ட என்றால் எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதிகளை மூடிவிடுவார்கள், அதையும் யோசியுங்கள்.

மழை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டிப் பக்கத்து மலைகளை என்ன செய்தது என்று பார்த்தோமே. முடிந்தால் ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் குடையோடு போங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் மதில் வயிறு தள்ளி நிற்கிறதா, புது வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டுக் கிடக்கின்றனவா, கரண்ட் கம்பம் சாய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும், பாதி வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன, கிராம சேவகரிடமும் விசாரிக்கலாம். ஆனால் எந்த வருஷம் எந்த மதில் விழுந்தது என்பது முன்வீட்டு ஆச்சிக்குத்தான் தெரியும், ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு கேளுங்கள்.

உடவத்தகெலே காட்டுப் பக்கம் என்றால் குரங்கு வரும், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்று வரும் சூன் பாண் வண்டி எங்கே நிற்கும் என்றும் கேட்டு வையுங்கள். படி ஏறி அது வராது. பாட்டுச் சத்தம் கேட்டு நான் 62 படியும் இறங்குவதற்குள் மாலு பாண் முடிந்து கிம்புலா பணிஸ்தான் மிஞ்சியிருக்கும்.