மலேசியாவில் படிக்க வந்த புதிதில்: பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

கோலாலம்பூருக்குப் படிக்க வந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் நானும் செய்தேன். வரிசையைத்தான் கோட்டை விட்டேன். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணமும் கட்டியாயிற்று என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: ஈவால், அப்புறம் விசா

வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கையாள்வது இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் அங்கே போகும். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள், எதுவும் எழுதாத பக்கங்களையும் சேர்த்து. போட்டோவுக்குப் பின்னணி வெள்ளை. ஊரில் ஸ்டூடியோக்காரர் முகத்தைப் 'பளபள'வென்று ஆக்கிக் கொடுப்பார், அதை வாங்காதீர்கள்.

ஒப்புதல் ஆனதும் வரும் கடிதம்தான் ஈவால். அது விசா இல்லை. அதைக் காட்டி ஒருமுறை நுழைவு விசா எடுத்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

(பிற்சேர்க்கை: "2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாமே, அப்படியே வந்துவிடலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அந்த வழியில் நுழைந்துவிட்டு மாணவர் பாஸ் (படிக்கத் தங்குவதற்கான அனுமதி) கேட்டால், திரும்பிப் போய் மறுபடி முறையாக வரச் சொல்வார்கள்.)

படி 2: வரும் நாளைக் கல்லூரிக்கு எழுதுங்கள்

மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

அதைவிட முக்கியம், விமான நிலையத்துக்குக் கல்லூரி ஆள் வர வேண்டும் என்பது. புது மாணவர்களைக் குடிநுழைவு அதிகாரிகள் கல்லூரிப் பிரதிநிதி வந்த பிறகே வெளியே விடுவார்கள். நான் டிக்கெட் விவரத்தைக் கடைசி நேரத்தில் அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை இரவு வந்து இறங்கினேன். காலை வரை ஒரு நாற்காலியில், பையைக் கட்டிக்கொண்டு. ஆகவே ஒரு வாரம் முன்பே எழுதுங்கள், வேலை நாளில் பகலில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

வெளியே வந்ததும் ரயில் சுமார் அரை மணி நேரத்தில் நகருக்குள் இருக்கும் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் விட்டுவிடும், 55 ரிங்கிட். எனக்கு பஸ்தான் பிடிக்கும். நேரம் ஆகும், ஆனால் காசு மிச்சம்.

படி 3: முதல் ஏழு நாள்

வந்த ஏழு நாளுக்குள், இஎம்ஜிஎஸ் பட்டியலில் உள்ள கிளினிக் ஒன்றில் மருத்துவப் பரிசோதனை. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர். சிறுநீரில் போதைப்பொருளும் பார்ப்பார்கள், அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் மருந்தை முந்தின நாள் குடித்துவிட்டுப் போகாதீர்கள். கோடீன் உள்ள மருந்து சோதனையில் காட்டிவிடும். டாக்டர் எழுதித் தந்த மருந்து என்றால் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சிம் கார்டு இதே வாரத்தில். அதற்கும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

படி 4: பாஸ்போர்ட் கையை விட்டுப் போகும் நாள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். நான் வந்தபோது மாணவர் பாஸைப் பாஸ்போர்ட்டிலேயே ஒட்டித் தந்தார்கள். பரிசோதனை முடிந்ததும், அதற்கென்று கல்லூரி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் வந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான்கு வாரம் ஆனது. அதற்குள் நண்பர்கள் லங்காவித் தீவுக்கு விமான டிக்கெட் போட்டிருந்தார்கள். உள்நாட்டு விமானம்தானே என்று நானும் பணம் கட்டினேன். உள்நாட்டு விமானமானாலும் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். அவர்கள் கடலில் குளித்த படங்களை அறையிலிருந்து பார்த்தேன்.

வங்கிக் கணக்குக்கும் அதே கதை. பாஸ் ஒட்டிய பாஸ்போர்ட்டும் கல்லூரிக் கடிதமும் கொண்டு வா என்றார்கள். நான் கொண்டுவந்த ரொக்கம் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்தது.

அதனால் உங்கள் கல்லூரியும் பாஸ்போர்ட்டைக் கேட்டால், கொடுக்கும் முன்:

- எல்லாப் பக்கத்துக்கும் நகல் எடுத்துக் கல்லூரி முத்திரை வாங்குங்கள்.
- "பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது" என்று ஒரு கடிதம் கேளுங்கள். தெருவில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட அதுதான் உண்டு.
- ஒன்றரை மாதச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றும் கார்டு) பணம் போட்டு வையுங்கள். ரொக்கம் மாற்ற வேண்டுமென்றால் விமான நிலையத்தில் வேண்டாம், நகருக்குள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போங்கள்.

சில்லறை விஷயங்கள்

பிளக் இங்கே சதுர மூன்று முனை. நம் ஊர் உருண்டை முனை நுழையாது, ஆனால் அடாப்டரை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம், இங்கே எங்கும் கிடைக்கும்.

டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஆகும். 50 ரிங்கிட்டுக்கு மாதம் முழுக்கப் போகும் பாஸ் பற்றிக் கேள்விப்பட்டு நானும் கவுன்டரில் போய் நின்றேன். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

பகுதி நேர வேலையை நம்பி வராதீர்கள். ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் அனுமதி வாங்கி, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான்.

கடையில் "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட். "பசியாறியாச்சா?" என்று யாராவது கேட்டால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். முதல் தடவை நான் விழித்ததைப் பார்த்துக் கடைக்கார அக்கா, கேட்காமலே ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) வைத்துவிட்டார்.