ஸ்டீம் டெக்கில் மாட் போட்ட ஸ்கைரிம்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

சித்தப்பா பையன் கையில் பிடித்து ஆடும் கணினியான ஸ்டீம் டெக் புதிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டரில் மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஸ்கைரிம் ஆட்டத்தின் மாட்கள் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள்) அத்தனையையும் அப்படியே காப்பி பண்ணி அதில் இறக்கியிருந்தான். மெனு வந்தது, சேவும் லோடு ஆனது. வைட்ரன் நகரக் கதவைத் திறந்து உள்ளே காலடி வைத்தான். லோடிங் திரையில் ஒரு கவசம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஆட்டம் மூடிக்கொண்டு ஸ்டீம் முகப்பில் வந்து நின்றது. “மெஷினுக்குத் தெம்பு பத்தல போலண்ணா” என்றான்.

தெம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்கைரிம் 2011இல் வந்த ஆட்டம். இன்று நாம் மாட் போடும் ஸ்பெஷல் எடிஷன் 2016இல் வந்தது. 2022இல் வெளியான டெக் அதைத் தூக்கத்திலேயே ஓட்டும். சிக்கல் என்னவென்றால், மாட் போடுவது பற்றி எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலானவை தனி கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய மானிட்டர், விண்டோஸ் இந்த மூன்றும் உங்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. டெக்கில் மூன்றுமே கிடையாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருபவைதான்.

800 வரித் திரைக்கு 4கே டெக்ஸ்சர்

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். டெக்கின் திரை 1280க்கு 800. எல்சிடி மாடலில் 7 அங்குலம், 2023 நவம்பரில் வந்த ஓலெட் மாடலில் 7.4 அங்குலம். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். இந்தத் திரையில் ஒரு மர வாளிக்கு 4கே டெக்ஸ்சர் (பொருளின்மேல் போர்த்தும் படம்) போட்டால், மூக்கை வாளியில் வைத்துப் பார்த்தால்கூட அந்த நுணுக்கம் முழுசாகத் தெரியாது.

தெரியாவிட்டால் போகட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரு சின்னக் கணக்கு. இப்போது எல்லாரும் பயன்படுத்தும் பிசி7 சுருக்க முறையில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட். 4096க்கு 4096 என்றால் 16 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்களையும் சேர்த்தால் 21 எம்பிக்கு மேல். அதே படம் 2கேயில் ஐந்து எம்பி சொச்சம், 1கேயில் ஒன்றேகால் எம்பி சொச்சம். இது நிறப் படத்துக்கு மட்டும். மேடு பள்ளம் காட்டும் நார்மல் மேப் என்று இன்னொன்று கூடவே வரும், அதற்கும் இதே கணக்கு. இப்போது வைட்ரன் கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும் சுவர், கூரை, கல்தளம், காவலர் கவசம், கடைச் சாமான் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

டெக்கில் இருப்பது 16 ஜிபி நினைவகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்கும் கிராஃபிக்ஸுக்கும் சிஸ்டத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். ஒரே குழாயில் மூன்று குடம் வைத்த கதை. கிராஃபிக்ஸ் கூடுதலாக எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் குறையும். தம்பியின் ஆட்டம் வைட்ரன் வாசலில் விழுந்தது இதனால்தான்.

என் கணக்கு இது: நிலம், மலை, பெரிய கட்டடங்களுக்கு 2கே. தட்டுமுட்டுச் சாமான், உடை, ஆயுதங்களுக்கு 1கே. பல மாட்களின் டவுன்லோடு பக்கத்திலேயே ஆசிரியர் 1கே, 2கே, 4கே என்று தனித்தனியாக வைத்திருப்பார். சின்னதை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். 4கே மட்டும்தான் இருக்கிறது என்றால், கம்ப்யூட்டரில் ஒரு டெக்ஸ்சர் சுருக்கும் கருவியைப் போட்டு ராத்திரியில் ஓட விட்டுவிடுங்கள். காலையில் ஃபோல்டர் பாதிக்கும் கீழே வந்திருக்கும்.

டெக்கின் அடிப்படை அமைப்பான பயோஸில் கிராஃபிக்ஸுக்கான ஒதுக்கீட்டை 1 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. டெக் தேவைக்கேற்ப நினைவகத்தைத் தானாகவே பகிர்ந்துகொள்ளும். பெரிய டெக்ஸ்சரை வைத்துக்கொண்டு இதை மட்டும் மாற்றினால் வியாதி போகாது.

மாட் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாட்கள் ஆட்டத்துக்குள் ஏற்றும் ஃபைல்தான் ப்ளகின். முழு ப்ளகின்களுக்கு 254 என்ற வரம்பு இருக்கிறது. இலகு ப்ளகின்களுக்குத் தனியாக 4096 வரை இடம். பெயர் திருத்தும் மாட்கள் இருநூறு போட்டாலும் டெக்குக்கு வலிக்காது. புல் அடர்த்தியைக் கூட்டும் ஒரே ஒரு மாட் போதும், ஆளைச் சாய்த்துவிடும்.

அடியில் இருப்பது லினக்ஸ்

ஸ்டீம் ஓஎஸ் என்பது ஆர்ச் லினக்ஸ் மேல் கட்டியது. விண்டோஸ் ஆட்டத்தை ப்ரோட்டான் என்ற இடைத்தரகர் ஓட்டிக் காட்டுகிறது. நன்றாகவே காட்டுவதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். மறந்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் இழந்திருக்கிறேன்.

நடந்தது இது. அவசரத்துக்கு இரண்டு மாட்களை மாட் மேலாளர் மென்பொருள் எதுவும் இல்லாமல் டெஸ்க்டாப் மோடில் கையாலேயே விரித்து, ஆட்டத்தின் டேட்டா ஃபோல்டருக்குள் போட்டேன். ஒரு மாட் ஆசிரியர் ஃபோல்டருக்கு ‘டெக்ஸ்சர்ஸ்’ என்று முதல் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார், இன்னொருவர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில். விண்டோஸில் இரண்டும் ஒன்று, தானாகச் சேர்ந்துவிடும். லினக்ஸில் சாதாரணமாக இரண்டும் வேறு வேறு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. ப்ரோட்டான் ஏதோ ஒன்றைத்தான் திறந்து பார்க்கும். ஆட்டத்துக்குள் போனால், ரிவர்வுட் மரஆலைப் பக்கம் நின்றிருந்தவரின் சட்டை பளபளவென்று ஊதா நிறம். ஸ்கைரிமில் ஊதா என்றால் டெக்ஸ்சர் கிடைக்கவில்லை என்று பொருள். ஃபைல் என் கண்ணெதிரே இருக்கிறது, ஆட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை. மாட்டை நான்கு முறை திரும்ப இறக்கினேன், மாட்கள் ஏறும் வரிசையான லோடு ஆர்டரைப் புரட்டிப் போட்டேன். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருப்பது உறைத்தது. இரண்டையும் ஒன்றாக்க அரை நிமிடம் ஆனது.

ஆகவே கையால் விரிக்காதீர்கள். மாட் ஆர்கனைசர் 2 போன்ற ஒரு மேலாளரிடம் விடுங்கள். அது டேட்டா ஃபோல்டரைத் தொடாமல் மாட்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஆட்டம் ஓடும்போது மட்டும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது போலக் காட்டும். ஆனால் அதிலும் மூன்று பள்ளங்கள் உண்டு.

ஒன்று, மேலாளரைத் தனி ஆட்டம் போல ஸ்டீமில் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் ப்ரோட்டான் அதற்கென்று புதிதாக ஒரு பொய் விண்டோஸைக் கட்டிக் கொடுக்கும். ஸ்கைரிமின் சொந்த வீடு 489830 என்ற எண்ணுள்ள ஃபோல்டருக்குள் இருக்கிறது. சேவ், ஆட்டத்தின் செட்டிங்ஸ் உள்ள ஐஎன்ஐ ஃபைல் எல்லாம் அங்கேதான். இரண்டும் வேறு வீடுகளானால், “சேவ் எல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்கத்தான் வேண்டிவரும். மேலாளர் ஸ்கைரிமின் வீட்டிலேயே ஓடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிக்கிறதே என்று அந்த எண் ஃபோல்டரை அழித்துவிட்டு சேவையும் சேர்த்துத் தொலைத்தவர்கள் உண்டு.

இரண்டாவது, வழக்கமான பிளே பட்டனை அழுத்துவது. மேலாளர் வழியாகத் திறந்தால்தான் மாட்கள் வரும். நேராகத் திறந்தால் மொட்டை ஸ்கைரிம்தான் வரும். அதில் பழைய சேவைத் திறந்து, எச்சரிக்கையையும் தாண்டிப் போய் மறுபடி சேவ் செய்துவிட்டால், மாட்கள் வைத்திருந்த தகவல் அந்தப் புதிய சேவில் இருக்காது.

மூன்றாவது சின்னது. மாட் ஆர்கனைசர் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி ஐஎன்ஐ ஃபைல் வைத்திருக்கும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதை எத்தனை முறை திருத்தினாலும் ஒன்றும் மாறாது.

எஸ்டி கார்டு விஷயத்தில், டெக்கின் செட்டிங்ஸ் வழியாகவே ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸில் ஃபார்மட் செய்த கார்டில் ப்ரோட்டான் ஒழுங்காக ஓடாது. வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மேலாளரைப் பயன்படுத்துபவர்கள் மாட்களையும் ஆட்டத்தையும் ஒரே டிரைவில் வையுங்கள். அது ஹார்ட்லிங்க் முறையில் (காப்பி எடுக்காமல் ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர் வைப்பது) வேலை செய்கிறது, அந்த இணைப்பு ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது.

தூங்கும்போது வரும் அப்டேட்

ஆட்டத்தின் ஸ்கிரிப்ட் வசதிகளை விரிக்கும் எஸ்கேஎஸ்இ என்ற துணைக் கருவி இல்லாமல் இன்றைக்கு உருப்படியான மாட் தொகுப்பு கிடையாது. அது ஆட்டத்தின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு மட்டும்தான் ஒட்டும். 1.5.97க்கு உள்ளது 1.6க்கு ஆகாது. 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனோடு அப்டேட் வந்தபோது ஊரே மாட் இல்லாமல் நின்றது. 2023 டிசம்பரில் மறுபடி அதே கூத்து. நீங்கள் டெக்கைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் ஆட்டம் வேறு பதிப்பாக எழுந்து நிற்கலாம். ஸ்கைரிமின் செட்டிங்ஸில், ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தள்ளிப்போடத்தான் செய்யும், தடுக்காது. அதனால் நன்றாக ஓடும் ஆட்ட ஃபோல்டரை ஒரு முறை முழுசாக வேறு டிரைவில் காப்பி எடுத்து, பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். ப்ரோட்டான் பதிப்பையும் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். புதுசு வந்துவிட்டது என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது.

60க்கு ஆசைப்படுவது

மாட் போட்ட ஸ்கைரிமை டெக்கில் 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) பிடித்து வைக்கப் பலர் படாத பாடு படுகிறார்கள். நான் 40இல் நிறுத்திவிடுவேன். 30இல் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட், 60இல் 17க்குச் சற்றுக் குறைவு. 40இல் 25, அதாவது நேரக் கணக்கில் இரண்டுக்கும் நட்டநடு. திரையையும் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கை அசைவுக்கும் கண்ணுக்கும் பொருத்தமாக இருக்கும். ஓலெட்டில் 90 ஹெர்ட்ஸுக்கு 45 வைக்கலாம். 55க்கும் 38க்கும் இடையே துள்ளிக்கொண்டிருப்பதைவிட 40இல் ஆணி அடித்தது போல நிற்பது எவ்வளவோ மேல்.

பேட்டரியையும் நினைத்துப் பாருங்கள். எல்சிடி மாடலில் 40 வாட் மணி, ஓலெட்டில் 50. சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும். திரையும் மற்றதும் சேர்ந்து மொத்தம் 25 வாட் போனால், 40 வாட் மணி ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான் தாங்கும்.

90 ஹெர்ட்ஸ் திரை கிடைத்த குஷியில் ஐஎன்ஐயில் உள்ள 60 எல்லையை எடுத்துவிடுவது இன்னொரு தப்பு. ஸ்கைரிமின் பௌதிகம் ஃப்ரேம் வேகத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. எல்லை தாண்டினால் மேசைமேல் உள்ள தட்டு, ரொட்டி எல்லாம் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தாமாகச் சிதறும். ஹெல்கனுக்குக் கைதிகளை ஏற்றிச் செல்லும் தொடக்கக் காட்சியில் குதிரைவண்டி குட்டிக்கரணம் அடிக்கும். அந்த வண்டி நிஜமாகவே பௌதிகப்படி உருள்கிறது. உருவாக்கத்தின்போது ஒரு தேனீ குறுக்கே வந்தாலே வண்டி வானத்தில் பறந்தது என்று அதில் வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் சொன்னார். 60க்கு மேல் போயே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்ற மாட்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஒளியையும் நிழலையும் மெருகேற்றும் ஈஎன்பி வேண்டாம் என்பேன். அழகுதான். ஆனால் ப்ரோட்டான் தனக்கென வைத்திருக்கும் அதே பெயருள்ள ஃபைலை அது பிடித்துக்கொள்வதால் தனி அமைப்பு வேறு செய்ய வேண்டும். செய்த பிறகு வேகமும் விழும். அதற்கு மாற்றான கம்யூனிட்டி ஷேடர்ஸ் இலேசானது, தேவையான அம்சங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிழல் தூரத்தைக் குறைப்பதும் புல்லைக் கொஞ்சம் வெட்டுவதும் கொடுக்கும் வேகம், வேறு எந்த மாட்டும் கொடுக்காது.

சேவ்

ஆட்டத்தின் நடுவில் மாட்டை எடுக்காதீர்கள். டெக்ஸ்சர் மாட் என்றால் பரவாயில்லை. ஸ்கிரிப்ட் உள்ள மாட்டின் வேர் சேவ் ஃபைலுக்குள் இறங்கியிருக்கும், மேலே வெட்டினாலும் அடியில் இருக்கும். வேண்டாம் என்றால் அந்த மாட் வருவதற்கு முன்பு எடுத்த சேவுக்குத் திரும்புங்கள். சேவைக் காப்பி எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபைல் இருப்பதைக் கவனியுங்கள். ஆட்டத்தின் சேவ் ஒன்று, அதே பெயரில் எஸ்கேஎஸ்இ எழுதும் துணை ஃபைல் ஒன்று. ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் பல மாட்களின் செட்டிங்ஸ் காணாமல் போகும்.

பவர் பட்டனைத் தட்டித் தூங்க வைக்கும் வசதி கையடக்கக் கருவியின் பெரிய சுகம். ஆனால் தூங்கும்போதும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வடியும். முழுக்கத் தீர்ந்தால் நினைவகத்தில் இருந்த ஆட்டமும் போயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கும் முன் ஒரு சேவ், அப்புறம் பட்டன்.

தூரக் காட்சிகளை உருவாக்கும் டின்டோலாட் போல மணிக்கணக்கில் அரைக்கும் கருவிகளை டெக்கிலேயே ஓட்டி அதைச் சூடேற்ற வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஓட்டி, வரும் ஃபோல்டரை மட்டும் எடுத்து வந்தால் போதும்.

தம்பியின் டெக்கைப் பிறகு நாங்கள் முதலிலிருந்து கட்டினோம். ஐந்தைந்து மாட்களாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ரிவர்வுட்டிலிருந்து வைட்ரன் வாசல் வரை ஓடிப் பார்த்தோம். ஆட்டம் விழும்போது விவரத்தைக் குறித்து வைக்கும் கிராஷ் லாக்கர் ஒன்றையும் முதலிலேயே போட்டுவிட்டதால், விழுந்த இரண்டு முறையும் எந்த ஃபைல் என்று ஊகிக்க முடிந்தது. கடைசியில் அவன் பிடிவாதமாகக் கேட்ட ஒன்று, எழுத்தைப் பெரிதாக்கும் இடைமுக மாட். 27 அங்குல மானிட்டரில் படித்த புத்தகங்களை 7 அங்குலத்தில் படிக்க முடியவில்லையாம். அதை நான் என் பட்டியலில் சேர்க்கவே இல்லை.