வின்செஸ்டர் பேராலயத்தின் தொடக்கம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தைப் பற்றிய பயணக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: “ஏழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இந்தப் பேராலயம்…” பக்கத்திலேயே அந்த நீண்ட நடுக்கூடத்தின் படமும் இருக்கும். படத்தில் இருக்கும் கட்டடத்துக்கு ஏழாம் நூற்றாண்டோடு சம்பந்தமே இல்லை. அதன் வேலை 1079-இல் வாக்கலின் என்ற நார்மன் ஆயரின் (பிஷப்பின்) காலத்தில் தொடங்கியது. நடுக்கூடத்துக்கு இன்றைய தோற்றம் வந்தது பதினான்காம் நூற்றாண்டில்.

ஏழாம் நூற்றாண்டுக் கோயில் வேறு. அதற்கு ஓல்ட் மின்ஸ்டர் என்று பெயர். 1960-களில் மார்ட்டின் பிடில் தலைமையில் நடந்த அகழாய்வில்தான் அதன் முழு வடிவமும் தெரியவந்தது. இப்போது பேராலயத்தின் வடபுறப் புல்வெளியில் அதன் சுவர்கள் ஓடிய தடத்தைச் செங்கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடுகள் பேராலயச் சுவருக்கு இணையாக ஓடவில்லை. சற்றே கோணலாக வந்து, ஒரு பகுதி பெரிய கட்டடத்துக்கு அடியில் போய்விடுகிறது. புதியது, பழையதன் விரிவாக்கம் அல்ல. பழையதை இடித்து அதன்மேல் ஏறி நிற்பது. 1093 ஏப்ரலில் துறவிகள் புதிய கோயிலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜூலை 15-ஆம் நாள் ஒன்பதாம் நூற்றாண்டு ஆயரான புனித ஸ்விதனின் எலும்புப் பேழையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாளே வாக்கலினின் ஆட்கள் பழையதை இடிக்கத் தொடங்கிவிட்டதாக மடத்துக் குறிப்பேடு சொல்கிறது. ஆகவே, 1035-இல் கனூட் மன்னர் அடக்கம் செய்யப்பட்டதையும் 1043-இல் எட்வர்ட் முடிசூடியதையும் எழுதிவிட்டு இன்றைய கட்டடத்தின் படத்தைப் போடுவது தவறு.

கட்டடக் குழப்பம் கண்ணுக்குத் தெரிவது, திருத்துவதும் எளிது. ஆயர்கள் விஷயத்தில் நடக்கும் குழப்பம்தான் ஆழமானது. முதலில் பேராலயம், பிறகு அதற்கு ஓர் ஆயர் என்ற வரிசையில் நாம் யோசித்துப் பழகிவிட்டோம். வின்செஸ்டரில் நடந்தது நேர்மாறு. முதலில் ஆயர் வந்தார். வேறோர் ஊரில் அமர்ந்தார். கோயில் பிறகு எழுந்தது. ஆயர் பீடம் அங்கே நிலைத்தது அதற்கும் பிறகு.

திருத்தந்தை முதலாம் ஹொனோரியுஸ் அனுப்பிய பிரினுஸ், 634-ஐ ஒட்டி பிரிட்டனில் கரையேறினார். இன்னும் உள்ளே, யாருமே போதிக்காத பகுதிகளுக்குப் போவதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். வழியில், வின்செஸ்டர் அடங்கிய தென் இங்கிலாந்துப் பகுதியை ஆண்ட மேற்கு சாக்சன்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை என்றதும் அங்கேயே தங்கிவிட்டார். அவர்களுடைய மன்னர் கினெகில்ஸ் திருமுழுக்குப் பெற்றபோது ஞானத்தந்தையாக நின்றவர் வடக்கே இருந்த நார்தம்பிரியாவின் மன்னர் ஆஸ்வால்ட். இது வெறும் பக்திக் காட்சி அல்ல. ஆஸ்வால்ட் பிறகு கினெகில்ஸின் மகளை மணந்தார். இரு மன்னர்களும் சேர்ந்து பிரினுஸுக்கு ஆயர் பீடமாகக் கொடுத்த ஊர் டார்செஸ்டர். ஆக, பட்டியல்களில் “வின்செஸ்டரின் முதல் ஆயர்” என்று முதல் வரியில் இடம்பெறும் பிரினுஸ் வின்செஸ்டருக்கு ஆயராக இருந்ததே இல்லை.

அந்த டார்செஸ்டரிலேயே இரண்டு இடங்களில் கால் இடறும். டார்செட் மாவட்டத்தில் அதே பெயரில் உள்ள பெரிய ஊர் அல்ல இது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் ஆற்றோரம் இருக்கும் சிற்றூர். அடுத்தது, ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து “டார்செஸ்டர் ஆயர்” என்ற பட்டம் மறுபடியும் ஆவணங்களில் வரும். அவர்கள் பிரினுஸின் வாரிசுகள் அல்லர். மேற்கு சாக்சன்களுக்கு வடக்கே இருந்த மெர்சியா ராஜ்யத்துப் பக்கத்துப் பெரிய மறைமாவட்டம் ஒன்றின் ஆயர்கள். அந்தப் பீடம் 1072-ஐ ஒட்டி லிங்கனுக்குப் போனது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒட்டினால் வின்செஸ்டர் வரலாற்றுக்குள் லிங்கன் வரலாறு புகுந்துவிடும்.

அடுத்து வந்த அஜில்பெர்ட்டின் கதையை நிதானமாகப் படிக்க வேண்டும். கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பிறந்து அயர்லாந்தில் படித்தவர் இவர். மேற்கு சாக்சன் மன்னர் கென்வால் இவரை ஆயராக வைத்துக்கொண்டார். மன்னருக்குச் சாக்சன் மொழி தவிர வேறெதுவும் தெரியாது. ஆயரின் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அவருக்குத் தெரியாமலேயே வினே என்ற இன்னோர் ஆயரைக் கொண்டுவந்தார். ராஜ்யத்தை இரண்டு மறைமாவட்டங்களாகப் பிரித்து, வினேயை வின்செஸ்டரில் அமர்த்தினார். மனம் புண்பட்ட அஜில்பெர்ட் கடல் கடந்து போய், பின்னர் பாரிஸ் ஆயரானார். வினேயும் நிலைக்கவில்லை. அதே மன்னர் அவரை விரட்ட, மெர்சியாவின் வுல்ஃப்ஹெரே மன்னரிடம் பணம் கொடுத்து லண்டன் பீடத்தை வாங்கிக்கொண்டார். மேற்கு சாக்சன்கள் நெடுங்காலம் ஆயரே இல்லாமல் இருந்தார்கள். கடைசியில் கென்வால் அஜில்பெர்ட்டுக்கே ஆள் அனுப்பினார். அவர் வர மறுத்து, தன் உறவினரான லூத்தேரை அனுப்பிவைத்தார். 670-இல் அவருக்கு ஆயர் பட்டம் கிடைத்தது.

இவ்வளவு அமளியையும் “650–660 அஜில்பெர்ட், 660–663 வினே” என்று இரண்டே வரியில் அடக்கும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. 664-இல் விட்பியில் ஈஸ்டர் தேதியைப் பற்றி நடந்த சபையில் அஜில்பெர்ட் இருக்கிறார். மேற்கு சாக்சன்களின் ஆயர் என்றே அங்கு குறிக்கப்படுகிறார். மொழி வராததால் தன் சார்பில் வில்ஃப்ரிடைப் பேசச் சொல்கிறார். 660-இல் கோபித்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனவர் 664-இல் எப்படி நார்தம்பிரியாவில் நிற்கிறார்? போகும் வழியில் சில ஆண்டுகள் தங்கினாரா, ஆண்டுக் கணக்கே பிழையா என்பது இன்றும் விவாதம். அட்டவணையில் இப்படி ஒரு முடிச்சு இருப்பதையாவது குறிப்பிட வேண்டும்.

இந்தக் கதை நமக்குக் கிடைத்த வழியும் முக்கியம். எழுதியவர் பீட் என்ற துறவி. 731-இல் நூலை முடித்த அவர் இருந்தது வடக்கே, நார்தம்பிரியாவில். மேற்கு சாக்சன்களைப் பற்றிய செய்திகளை எழுத்தில் அனுப்பியவர் வின்செஸ்டர் ஆயர் டேனியல் என்று பீடே முன்னுரையில் சொல்கிறார். லண்டன் பீடத்தை விலைக்கு வாங்கிய ஓர் ஆயரின் கதை, அவரை விரட்டிய ராஜ்யத்தின் பக்கமிருந்தே வந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் வினேயின் தரப்பு யாரிடமும் கேட்கப்படவில்லை.

ஆயர் பீடம் வின்செஸ்டரில் உறுதியாக ஊன்றியது 676-இல் ஆயரான ஹெட்டே காலத்தில். பிரினுஸின் எலும்புகளை டார்செஸ்டரிலிருந்து வின்செஸ்டருக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். தொடங்கியவரே புதிய ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்றால், பீடமும் அங்கேதான் என்று பொருள். மெர்சியாவின் கை தேம்ஸ் வரை நீண்டுவிட்டதால் டார்செஸ்டர் பாதுகாப்பான இடமாகவும் இல்லை. 705-இல் ஹெட்டே இறந்ததும் மறைமாவட்டத்தைப் பிரித்தார்கள்: மேற்குப் பகுதி ஷெர்போர்னில் ஆல்டெல்முக்கு, கிழக்குப் பகுதி வின்செஸ்டரில் டேனியலுக்கு. 909-ஐ ஒட்டி மறுபடியும் பிரிவினை நடந்தது. “வின்செஸ்டர் மறைமாவட்டம்” என்று எழுதும்போது எந்த ஆண்டின் எல்லை என்று சொல்லாவிட்டால் வாசகர் தவறான வரைபடத்தையே மனத்தில் போட்டுக்கொள்வார்.

கோயில் எழுந்த ஆண்டாக 648 வழக்கில் நிலைத்துவிட்டது. இதற்கு ஆதாரம் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு. அதைத் தொகுத்தது ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். கட்டியவர் கென்வால் என்பதில் அதன் கையெழுத்துப் படிகள் ஒத்துப்போகின்றன, ஆண்டில் ஒத்துப்போவதில்லை. “648 வாக்கில்” என்று எழுதுவதே சரி. இரண்டாம் நூற்றாண்டில் லூசியஸ் என்ற பிரிட்டன் அரசன் இங்கே கோயில் கட்டினான் என்பது பிற்காலத்துப் புனைவு. பதினைந்தாம் நூற்றாண்டு வின்செஸ்டர் துறவி ஒருவர் அதை விரிவாக எழுதி வைத்தார். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சபைக்குப் பிரிட்டனிலிருந்து மூன்று ஆயர்கள் போனார்கள். அந்தப் பட்டியலில் வின்செஸ்டர் இல்லை.

நிலக்கொடைப் பத்திரங்களையும் அப்படியே எடுத்தாள வேண்டாம். நகரைச் சுற்றியிருந்த சில்கோம் நிலத்தைக் கினெகில்ஸே கொடுத்தார் என்று கோயில் உரிமை கொண்டாடியது. நூறு ஹைடு (வரி விதிக்கப் பயன்பட்ட அக்கால நில அளவு) கொண்ட அந்த நிலத்துக்கு ஒரே ஒரு ஹைடுக்குத்தான் வரி என்பதும் அதோடு சேர்ந்தது. 1086-இன் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலும் ஒரு ஹைடு என்றே பதிவாகியிருக்கிறது. சலுகை உண்மை. அதற்கு ஏழாம் நூற்றாண்டுப் பழமை கற்பிக்கும் பத்திரங்கள் பத்தாம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை.

ஸ்விதனுக்கு வருவோம். 852 முதல் 863 வரை ஆயராக இருந்தவர். அவர் காலத்து ஆவணங்களில் அவரைப் பற்றிக் கிடைப்பது மிகச் சொற்பம்: சில பத்திரங்களில் சாட்சிப் பெயர், கேன்டர்பரி பேராயருக்குக் கொடுத்த கீழ்ப்படிதல் உறுதிமொழி. பாலத்தில் ஒரு பெண்ணின் உடைந்த முட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தது போன்ற கதைகள் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவை. ஜூலை 15-இல் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது என்ற நம்பிக்கைக்கு, 971-இல் அதே நாளில் அவர் எலும்புகளை உள்ளே மாற்றியபோது கொட்டிய மழையைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த நிகழ்ச்சியை அடுத்து சில ஆண்டுகளுக்குள் எழுதிய லான்ஃபிரெட் அற்புதங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அற்புதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் இதை விட்டிருப்பாரா?

அந்த எலும்பு மாற்றத்தை நடத்தியவர் ஆயர் எதல்வோல்ட். 964-இல் மனைவி மக்களோடு வாழ்ந்த குருக்கள் உட்பட அங்கிருந்தவர்களை வெளியேற்றி, அபிங்டனிலிருந்து துறவிகளைக் கொண்டுவந்தவரும் இவரே. எனவே அதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு “பேராலயத் துறவிகள்” என்று எழுதக்கூடாது. பழைய கோயிலை ஒட்டி 901-ஐ ஒட்டி எழுந்த நியூ மின்ஸ்டர் தனிக் கோயில். ஆயர் பீடம் அங்கே இல்லாததால் அது பேராலயம் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கவே இடமில்லை என்றும், ஒரு கோயிலின் பாட்டு மற்றதன் பாட்டைக் குலைத்தது என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதினார்கள். ஆல்ஃப்ரெட் முதலில் ஓல்ட் மின்ஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டு, பிறகு நியூ மின்ஸ்டருக்கு மாற்றப்பட்டார். அந்தச் சமூகம் 1110-இல் நகருக்கு வெளியே ஹைடு என்ற இடத்துக்குப் போனபோது அவரையும் கொண்டுபோய்விட்டது. அவர் கல்லறையைப் பேராலயத்துக்குள் தேடுவது வீண்.

கடைசியாக, பேராலயத்துக்குள் வைத்திருக்கும் ஆறு எலும்புப் பேழைகள். கினெகில்ஸ், கனூட், அவர் அரசி எம்மா என்று மேலே பெயர்கள் இருக்கின்றன. ஓல்ட் மின்ஸ்டரிலிருந்து எடுத்த எலும்புகள் ஏற்கெனவே கலந்திருந்தன. 1642-இல் நாடாளுமன்றப் படையினர் பேழைகளைத் திறந்து கொட்டியதில் மிச்சமிருந்த ஒழுங்கும் போனது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி உள்ளே குறைந்தது 23 பேரின் எலும்புகள் இருக்கின்றன. முதிர்ந்த பெண் ஒருவரின் எலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட பேழைகளில் சிதறிக் கிடந்தன. அவர் எம்மாவாக இருக்கலாம் என்பது ஊகம். படத்துக்குக் கீழே “கினெகில்ஸ் மன்னரின் பேழை” என்று மட்டும் போடுங்கள். “கினெகில்ஸ் மன்னரின் எலும்புகள்” என்று போடாதீர்கள்.